புல்நுனியில் பனிச் சரிகை

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஊட்டி போகிறோம். உறைபனியைப் படமெடுக்க ஆசை. வெள்ளைப் புல்வெளி தவிர வேறென்ன எடுக்கலாம்?

பதில்: புல்வெளியை எல்லோரும் எடுத்தாயிற்று. குனிந்து ஒற்றைப் புல்லைப் பார்ப்பதே நல்ல தொடக்கம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. காற்றின் ஈரம் நீராகாமல் நேரே படிகமாகி, முதலில் பிடித்துக்கொள்வது இலையின் விளிம்பையும் அதன் மேலுள்ள பூனைமுடியையும்தான். அதனால் சாதாரணக் களைச்செடிகூட சரிகை வைத்துத் தைத்தது போலிருக்கும்.

ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கத்துப் புல்வெளிகளில் சூரியன் எட்டிப் பார்க்கும் நேரம்தான் அருமை. செடிக்குப் பின்னாலிருந்து சாய்வெளிச்சம் வரட்டும். நிறுத்தி வைத்த பைக் சீட், வேலிக்கம்பி, கார் கண்ணாடியில் தானாக விழுந்த கோலம் எதையும் விட வேண்டாம்.

இந்த ஆசை புதிதல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட் விவசாயி வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து 1885-ல் பனித்துகளைப் படமெடுத்தார். பிறகு 5,000-க்கும் மேற்பட்ட படங்கள். ஜன்னல் உறைபனியையும் அவர் விட்டுவைக்கவில்லை!

உறைபனிக்குக் கிட்டே போகும்போது மூச்சை அடக்க வேண்டும். வெப்பக்காற்று பட்டால் படிகம் போச்சு. கேமரா தன்னிஷ்டத்துக்கு வெள்ளையைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். அறைக்குத் திரும்புமுன் கேமராவை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிட்டால் லென்ஸில் நீர் கோக்காது.