அந்தத் தொண்ணூறு வினாடி



தம்பி, நேற்று நீ கருமுட்டைகளை உறையவைத்தபோது பின்னால் நின்று பார்த்தேன். கை நடுங்கவில்லை. ஆனால் முட்டை இரண்டாவது கரைசலில் இருக்கும்போதே, லேபிளில் பெயர் சரிதானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கரைசலில் எத்திலீன் கிளைக்கால் 15 சதவீதம், டிஎம்எஸ்ஓ 15 சதவீதம், கூடவே சுக்ரோஸ். திரவ நைட்ரஜனில் முட்டைக்குள் பனிப்படிகம் உருவாகாமல் காக்கும் மருந்துகள் இவைதான். அறைச் சூட்டில் முட்டைக்கு நஞ்சாவதும் இவையேதான். அதனால்தான் அங்கே 60 முதல் 90 வினாடி மட்டும்.

முதல் கரைசலில் செறிவு பாதி. அதில் பத்துப் பதினைந்து நிமிடம் உண்டு. அங்கே கடிகாரத்தைவிட முட்டையைப் பார். போட்டதும் தண்ணீர் வெளியேறிச் சுருங்கும். மருந்து உள்ளே போகப்போக மெல்ல உருண்டு திரண்டு, ஸோனா என்னும் வெளியுறைக்குள் பழைய அளவுக்கு நிறையும். அதுவரை பொறு. ஏசி நின்று அறை சூடேறினால் மருந்து வேகமாக நுழையும், நஞ்சும் கூடும்.

உறைந்த முட்டையிலிருந்து குழந்தை பிறந்ததை 1986-இல் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் சென் அறிவித்தார். அவர் பயன்படுத்தியதும் டிஎம்எஸ்ஓதான். அதன்பின் பத்தாண்டுகள் பெரிதாக எதுவும் நகரவில்லை. காரணம், மருந்து பட்டதுமே முட்டைக்குள் கால்சியம் ஏறி, விந்தணு நுழைந்தபின் வெளிவர வேண்டிய துகள்கள் முன்பே வெளிவந்துவிடும், ஸோனா இறுகிப்போகும். விந்தணுவை ஊசியால் நேரே செலுத்தும் இக்ஸி வந்தபின் அந்தச் சுவரைத் தாண்டினோம். 1997-இல் இத்தாலியில் எலியோனோரா போர்க்கு அப்படித்தான் வெற்றி கண்டார். ஆனால் இக்ஸி தாண்டுவது ஸோனாவை மட்டும்தான். உள்ளே குரோமோசோம்களைத் தாங்கும் கதிர் கலைந்திருந்தால் ஊசி என்ன செய்யும்? சூடேற்றிய பிறகு இரண்டு மணி நேரமாவது காத்திருப்பது அது மறுபடி கூடட்டும் என்றுதான்.

உன் வயதில் எனக்கு ஒன்று நடந்தது. கதவு தட்டப்பட்டது, நிமிர்ந்து பதில் சொன்னேன். நான்கு முட்டைகள் இரண்டு நிமிடத்துக்கு மேல் கரைசலில் கிடந்துவிட்டன. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகுமுன் ஒரு பெண் சேமித்துவைத்தவை. பின்னாளில் சூடேற்றியபோது நான்கும் பிழைத்தன. தெளிவாக, உருண்டையாக இருந்தன. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இக்ஸி செய்த மறுநாள் காலை, ஒன்றில்கூட கருவுற்றதன் அடையாளமான இரண்டு புரோநியூக்ளியஸ் இல்லை. அந்த வினாடிகள்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பிழைப்பதையும் கருவுறுவதையும் அன்றிலிருந்து ஒன்றாக எண்ணியதில்லை.

நாளைக்கு ஆறு முட்டைகள். லேபிளை முதலிலேயே ஒட்டி, இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல். ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் எடுக்காதே. கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன்.