இரண்டு பேர் சொல்வதும் சரி

எங்கள் பட்டுத் தறிக்கூடத்தில் அடிக்கடி வாக்குவாதம். 1987-ல் இலங்கைக்கு அமைதிப்படை போனதைத் தமிழ்நாடு வரவேற்றது என்கிறார் அப்பா. திரும்பி வந்தபோது முதலமைச்சரே வரவேற்கப் போகவில்லை என்கிறார் சித்தப்பா. யார் சொல்வது சரி?
– வாசகி, ஆரணி

இருவருமே சரிதான் அம்மா. அப்பா சொல்வது தொடக்கம். சித்தப்பா சொல்வது முடிவு. சண்டை மூண்டால் முதலில், "எந்த ஆண்டு?" என்று கேளுங்கள், பாதி அடங்கிவிடும்.

1987 ஜூலை 29-ல் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அதையொட்டித்தான் அமைதிப்படை போனது. இலங்கை ராணுவத்தின் வடமராட்சித் தாக்குதலால் கொதித்திருந்த தமிழ்நாட்டில், நம் படை ஈழத்தமிழரைக் காக்கப் போகிறது என்றே பலர் நம்பினார்கள். சில நாளில் மெரினா கூட்டத்தில் ராஜீவோடு அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரும் மேடையேறினார்.

அக்டோபரில் எல்லாம் தலைகீழானது. 10-ஆம் தேதி விடுதலைப் புலிகளோடு போர் தொடங்கியது. தீபாவளியன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் படையினர் சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் மாண்டார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு பழைய நம்பிக்கை எப்படி நிற்கும்? நம் வீரர்களும் 1,100 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

வி.பி.சிங் ஆட்சியில், 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னை வந்தது. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மருத்துவமனையில் சுட்டவர்களையும், கட்டளைப்படி போய்க் காலிழந்து வந்த சிப்பாயையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

அந்தச் சிப்பாயை அனுப்பும் முடிவை யார் எடுப்பது என்பதையும் கேட்க வேண்டும். படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் இன்றும் கட்டாயமில்லை. அப்பாவும் சித்தப்பாவும் இனி அதைப் பற்றி வாதிடட்டும்.