வேதமொழியும் காவியமொழியும்

தாமிரபரணிக் கரையில் கல்லிடைக்குறிச்சியில் எழுந்தருளியுள்ள ஆதிவராகப் பெருமாளைச் சேவிக்க வரும் மெய்யன்பர்களே! பெருமாள் கோயில்களில் திருமஞ்சனத்தின்போது ஓதப்பெறுவது புருஷசூக்தம். அன்பர்கள் கூடியிருந்து சொல்வது மகாபாரதத்து விஷ்ணு சகஸ்ரநாமம். இவ்வூர்ப் பெருமாள்மீது முத்துசுவாமி தீட்சிதர் (மறைவு 1835) ஆபோகி இராகத்தில் பாடியது ‘ஸ்ரீலக்ஷ்மீ வராஹம்’ என்னும் கீர்த்தனை. மூன்றும் வடமொழியே, எனினும் மூன்றும் ஒரே நிலையின அல்ல. சூக்தம் பழைய வேதமொழி. சகஸ்ரநாமமும் கீர்த்தனையும் பிற்கால வழக்கைச் சார்ந்தவை.

தமிழில் பண்டைய ‘யாண்டு’, ‘யாறு’ என்பன பின்னர் ‘ஆண்டு’, ‘ஆறு’ என நின்றன. வடமொழியிலும் அத்தகைய மாற்றங்கள் உண்டு. இருக்கு வேதத்தின் முதற் சூக்தத்தில் ‘ஈளே’ (போற்றுகிறேன்) என ளகரம் ஒலிக்கும். பிற்காலத்தில் அது ‘ஈடே’ என்றாயிற்று. தேவர்கள் என்னும் பொருளில் வேதம் ‘தேவாஸ:’, ‘தேவா:’ என இரு வடிவங்களையும் ஆளும். காவியங்களில் பின்னதே நிலைத்தது. வேதத்தில் வினையை விட்டு விலகி நிற்கும் முன்னொட்டு, பின்னர் வினையோடு ஒட்டியே வரலாயிற்று. பாணினி முனிவர் தம் அஷ்டாத்யாயியில் வேதத்துக்கே உரிய முடிபுகளைச் ‘சந்தஸி’ எனத் தனியே குறித்துச் செல்வார்.

ஆயினும் தலையாய வேறுபாடு சுவரமே. உதாத்தம், அநுதாத்தம், சுவரிதம் என்பவற்றை எடுத்தல், படுத்தல், நலிதல் எனத் தமிழ் இலக்கண நூலார் கூறுவர். வேதமொழியில் இவை ஓசையழகு மட்டும் அல்ல, பொருளையே வரையறுப்பன.

துவஷ்டா தன் மகன் விசுவரூபனைக் கொன்ற இந்திரனைப் பழிவாங்க வேள்வி செய்தான். ‘இந்திரசத்துரு’ என்னும் சொல்லின் ஈற்றசையை எடுத்துச் சொன்னால், ‘இந்திரனைக் கொல்பவன்’ என வேற்றுமைத்தொகையாகும். அவனோ முதலசையை எடுத்துச் சொன்னான். ‘இந்திரனைத் தன்னைக் கொல்பவனாக உடையவன்’ என அது அன்மொழித்தொகையாயிற்று. வேள்வியில் தோன்றிய விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். பதஞ்சலி முனிவரும் மகாபாஷ்யத்தில் இதனை எடுத்துக்காட்டுவார். எழுத்து ஒன்றும் மாறவில்லை. ஓசை மாறியது, பொருள் தலைகீழாயிற்று. காவியமொழியில் இச்சுவரம் வழக்கொழிந்தமையால், அத்தகைய தொகைக்கு இடம் நோக்கியே பொருள் கொள்கிறோம்.

இதனால் நாம் கொள்ள வேண்டுவது யாது? சகஸ்ரநாமத்தைப் புத்தகம் பார்த்து யாவரும் சொல்லலாம். கீர்த்தனையை இராகத்தோடு பாடலாம். சூக்தமோ அத்தன்மையது அன்று. தமிழெழுத்தில் அச்சிட்ட ஏடுகள் பலவற்றில் சுவரக் குறிகள் இல்லை. இருப்பினும், குறி மட்டும் ஓசையைக் கற்பித்துவிடாது. ஆசிரியர் வாய்மொழியைச் செவியால் ஏற்று, பன்முறை சொல்லித் திருத்திக்கொள்வதே மரபு. இந்தச் சங்கிலியில் ஒரு தலைமுறை விடுபட்டால், ஏடு எஞ்சும், ஓசை எஞ்சாது.

ஆதலின் சந்நிதியில் சூக்தம் ஒலிக்கும்போது சற்றே பேச்சை நிறுத்திச் செவிகொடுங்கள். கற்க விரும்பும் பிள்ளைகளை நல்லாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். நிலமகளை மீட்ட வராகப் பெருமான் இவ்வோசையையும் காத்தருள்வானாக!