கேள்வி பதில்: உறங்கும் செங்காந்தள்

கேள்வி: நட்டு மூன்று வாரமாகியும் கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தள் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தேன், கிழங்கு கெடவில்லை, ஒரு நுனி மட்டும் ஒடிந்திருக்கிறது. இனி முளைக்குமா? (சின்னமனூர்)

பதில்: கிழங்கின் ஒவ்வொரு கவைக்கும் நுனியில் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு, அதை ஒடித்தது தங்கள் மண்வெட்டி. மற்றொரு கவையின் நுனி பிழைத்திருந்தால் முளைக்கும். ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆவது சகஜம். அதுவரை அவ்விடத்தில் அடையாளத்துக்கு ஒரு குச்சியை நட்டுவிட்டு அப்பால் போவதே தாங்கள் செய்யத்தக்க உபகாரம்.

கேள்வி: நீலக்குறிஞ்சியை மொட்டை மாடித் தொட்டியில் வளர்க்க வழி உண்டா? (போடிநாயக்கனூர்)

பதில்: இல்லை. மலைப் புல்வெளியின் குளிரில் 12 ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து மடியும் செடி அது. 2018-இல் மூணாறில் பூத்தது. 2030 வரை பொறுத்திருந்து பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள், பறிக்காமல்.

கேள்வி: தினம் இருவேளை நீர் வார்த்தும் மார்கழியில் செங்காந்தள் கொடி மஞ்சளித்துக் காய்கிறது. இன்னும் கூடுதலாக விடலாமா? (உத்தமபாளையம்)

பதில்: 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை எழும்பி, மேற்கே போன நீர் நம் பக்கம் திரும்பியது முதலாக வாய்க்கால் பாசனத்திலே பழகிவந்த கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு, வாடிய எதைக் கண்டாலும் மடையைத் திறந்துவிடத் தோன்றும் தயாள குணம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது, அந்தத் தயைக்கு இரையான செங்காந்தள்களோ அநேகம். மழையோடு எழுந்து, ஆவணி முதல் கார்த்திகை வரை பூத்து, அவ்வருஷம் தேடிய சத்தையெல்லாம் மண்ணுக்குள் புதிதாய் உண்டாகும் கிழங்கிலே சேமித்துவிட்டு, தண்டும் இலையும் உலரத் துயில்வது அதன் ஸ்வபாவம். துயிலும் கிழங்குக்கு வார்க்கும் நீர் அதை அழுகச் செய்வதொன்றுதான் பலன். ஆகையால் இலை மஞ்சளித்ததும் குடத்தைக் கவிழ்த்து வையுங்கள். தண்டு தானே கழன்றபின் கிழங்கை நுனி ஒடியாமல் அகழ்ந்து, உலர்ந்த மணலில் நிழலிலே கிடத்தி, ஆனிச் சாரல் காணும்வரை மறந்துவிடுங்கள். பிறகு வயற்காட்டுக் களிமண்ணை அண்டவிடாமல், செம்மண்ணும் மணலும் கலந்து மேட்டுப்பாத்தி கட்டி, 50 கிராமுக்குக் குறையாத கிழங்கை மூன்று விரல் ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். இலைநுனியே பற்றுக்கம்பியாகச் சுருளும் கொடியாதலால், ஆடிக் காற்றுக்கு முன்பே பந்தலோ வேலியோ அருகில் இருப்பது அவசியம். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: பூ ஏராளம், காய் ஒன்றுகூட இல்லை. (கம்பம்)

பதில்: கொடியில் குறையில்லை, கவலையை விடுங்கள். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடிந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்கிறது. விதைக்காகவே பயிரிடும் மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயிகள் காலை வேளையில் மகரந்தத்தைக் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அந்தப் பிரயாசை வேண்டியதில்லை. விதையிலிருந்து வளர்ந்தால் பூக்கச் சில வருஷங்கள் ஆகும், கிழங்கே உத்தமம்.

கேள்வி: மாநில மலராயிற்றே என்று நட ஆசை. வீட்டில் தவழும் குழந்தை உண்டு. (ஆண்டிபட்டி)

பதில்: நடாதீர்கள். கிழங்கு, விதை, இலை, பூ எல்லாவற்றிலும் கோல்ச்சிசின் என்னும் விஷம் உண்டு. கீல்வாயுவுக்கு மருந்தாகிற அதுவே அளவு மீறினால் உயிரைக் கொள்ளும். குழந்தை வளர்ந்து, சொன்னால் கேட்கும் பிராயம் வரட்டும். அதுவரை மல்லிகை போதும்.