ஜாத்திலுவி: தலைமடையும் கடைமடையும் ஒத்து நடக்கும் ஒரு கிராமம்

வாய்க்கால் பாசனமுள்ள எந்தக் கிராமத்திலும் ஒரு வழக்கு ஓயாதிருக்கும். தலைமடையில் நிலமுடையவர் தமக்கு வேண்டிய நீரையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளலாம். கடைமடையில் நிலமுடையவரோ மிச்சத்திற்குக் காத்திருக்க வேண்டும். மேலிருப்பவர் தாமாகவே நீரை விட்டுக்கொடுக்கும்படி செய்வது எப்படி? இந்தோனேஷியாவைச் சேர்ந்த பாலித் தீவில் ஜாத்திலுவி என்னும் சிறு கிராமத்தார் இவ்வினாவிற்குத் தம் நடவடிக்கையாலேயே விடை கூறி வருகின்றனர். ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் அவ்விடையை அறிந்துகொள்வது பயன்தரும்.

கிராமத்தின் அமைப்பு

பாலித் தீவு ஜாவாவிற்குக் கிழக்கே உள்ளது. அத்தீவின் தபானன் பிரதேசத்தில், 2,276 மீட்டர் உயரமுள்ள பத்துகாரு என்னும் எரிமலையின் தென்சரிவில், கடல் மட்டத்திற்குமேல் சுமார் 700 மீட்டரில் ஜாத்திலுவி அமைந்துள்ளது. சரிவான பூமியாதலால் வயல்களெல்லாம் படிக்கட்டுகளைப்போல் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் மண்வரப்பு உண்டு. மேற்படியில் நிறைந்த நீர் கீழ்ப்படிக்கு வடியும். இவ்வயல்களின் பரப்பு ஏறத்தாழ 300 ஹெக்டேர், அதாவது சுமார் 740 ஏக்கர்.

இங்குள்ளோர் பாலித் தீவிற்குரிய முறைப்படி ஒழுகும் இந்துக்கள். நெற்பயிரைத் 'தேவி ஸ்ரீ' என்னும் பெயரால் வழிபடுகின்றனர். உயர்ந்து வளர்வதும், விளைய ஐந்து மாதத்திற்கு மேற்படுவதுமான நாட்டுச் செந்நெல்லே கிராமத்தின் புகழ்பெற்ற பயிர். அதன் கதிர்களைச் சிறு கைக்கத்தியால் கொய்து, கட்டுகளாகக் கட்டிக் களஞ்சியத்தில் வைப்பது பழைய வழக்கம்.

சுபாக் என்னும் சங்கம்

வேளாண்மைக் காரியங்களை நடத்துவது 'சுபாக்' எனப்படும் நீர்ப்பாசனச் சங்கம். பாலியில் இம்முறை 9-ம் நூற்றாண்டு முதலே வழங்கி வருவதாகக் கொள்ளப்படுகிறது. ஒருவன் குடியிருக்கும் ஊரைக்கொண்டு அவன் எந்தச் சுபாக்கைச் சேர்ந்தவன் என்று தீர்மானிப்பதில்லை. அவனுடைய வயலுக்கு நீர் எங்கிருந்து வருகிறதோ அதைக்கொண்டே தீர்மானிக்கிறார்கள். ஆகவே இரண்டு வாய்க்கால்களில் நிலமுடையவன் இரண்டு சுபாக்குகளில் அங்கத்தினனாவான்.

தலைவருக்குப் 'பெக்காசே' என்று பெயர். அவரை அங்கத்தினர்களே தெரிந்தெடுக்கின்றனர். சங்கத்தின் விதிகள் 'அவிக்-அவிக்' எனப்படும். வாய்க்கால் மராமத்திற்கு வராதவனுக்கும் நீரைத் திருடினவனுக்கும் அபராதம் விதிக்க அவ்விதிகள் இடந்தருகின்றன. கூட்டத்தில் நிலம் மிகுந்தவனுக்கும் குறைந்தவனுக்கும் வாக்கு ஒன்றே. ஆனால் நீர் பெறுவதும், வரி கொடுப்பதும், வேலை செய்வதும் அவரவர் பங்கின் அளவைப் பொறுத்தவை. இவ்விரண்டு விதிகளும் சேர்ந்திருப்பதே சுபாக்கின் பலம்.

நீரைப் பங்கிடும் மரம்

வாய்க்கால் பிரியுமிடத்தில் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் பதித்து, அதில் பங்குகளுக்கேற்ற அகலமுள்ள வாய்களை வெட்டியிருப்பார்கள். இதற்குத் 'தெம்புக்கு' என்று பெயர். இரண்டு பங்குள்ளவனுக்கு விடும் வாய் ஒரு பங்குள்ளவனுடையதைப்போல் இருமடங்கு அகலமானது. வெள்ளம் பெருகினாலும் குறைந்தாலும் அதே விகிதப்படி நீர் பிரியும். மடையைத் திறக்கவும் மூடவும் ஓர் ஆள் வேண்டியதில்லை. வரப்பின்மேல் நடந்து போகும் எவரும், எழுத்தறியாதவரேயாயினும், தம் பங்கு சரியாக வருகிறதா என்பதைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்.

1979-ம் ஆண்டில் தொடங்கிய ஒரு பெரிய பாசனத் திட்டத்தின்படி பாலியில் பல இடங்களில் ஏற்றியிறக்கும் இரும்புக் கதவுகள் வைக்கப்பட்டன. விவசாயிகள் அவற்றை விரும்பவில்லை. ஒருவர் கையால் மாற்றக்கூடிய கதவை மற்றவர்கள் இரவும் பகலும் காவல் காக்க வேண்டியிருக்குமல்லவா? ஆதலால் பலவிடங்களில் அவற்றை அகற்றிவிட்டு முன்போலவே கட்டைகளை வைத்துக்கொண்டனர்.

மேலிருப்பவர் விட்டுக்கொடுப்பதேன்?

கட்டை இருந்தாலும், தலைமடையிலுள்ள சுபாக் மனம் வைத்தாலன்றிக் கீழேயுள்ள சுபாக்குகளுக்கு நீர் செல்லாது. அதற்கு வேண்டிய மனத்தை உண்டாக்குவது பூச்சி. புகையான், தண்டுத் துளைப்பான், எலி ஆகியவை நெல் உள்ள இடத்தில் பிழைக்கும். ஒரு சரிவிலுள்ள வயல்களெல்லாம் ஒரே காலத்தில் அறுவடையாகிச் சில வாரங்கள் பயிரின்றிக் கிடந்தால், அவற்றிற்கு உணவில்லாமற் போய்ப் பெரும்பாலும் அழியும். கீழே இருப்பவன் நீரின்றிக் காலந்தாழ்த்தி நட்டால், மேலே அறுவடையானபின் பூச்சிகள் கீழ்வயலில் தங்கி, அடுத்த போகத்தில் மேல்வயலுக்கே திரும்பும். ஆகவே கடைமடையான் உரிய காலத்தில் நடுவது தலைமடையானுக்கும் லாபமாகிறது.

ஆயினும் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் நீர் வேண்டும். அப்பொழுது நீர் போதாது. எத்தனை சுபாக்குகள் சேர்ந்து நடுவது, எவை பிந்தி நடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்கின்றனர். கோயில் திருவிழாவின் முறையும் நடவின் முறையும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஸ்டீபன் லான்சிங் என்னும் மானிடவியலறிஞர் பாலியில் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தார். ஜேம்ஸ் கிரேமர் என்பவரோடு சேர்ந்து இரண்டு ஆறுகளின் 172 சுபாக்குகளைக் கணிப்பொறியில் அமைத்துப் பார்த்து, 1993-ம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். கோயில்வழிப் பிரிந்து கூடும் அமைப்பே நல்ல விளைவைத் தருவதாக அதில் கண்டார். பாலி விவசாயிகளிடம் அவரும் உடனுழைத்தோரும் விசாரித்தபோது, மேலிருப்பவர்கள் பூச்சியையே பெருங்கவலையாகவும், கீழிருப்பவர்கள் நீர்க்குறைவையே பெருங்கவலையாகவும் கூறினர். இவ்விரு கவலைகளே இரு சாராரையும் சேர்த்து வைத்திருக்கின்றன.

ஒழுங்கு குலைந்த காலம்

1970-களில் அதிக விளைவு தரும் குறுகியகால நெல்லைப் பயிரிடும்படியும், இயன்றபோதெல்லாம் நடும்படியும், உரமும் பூச்சிமருந்தும் இடும்படியும் சர்க்கார் பாலி விவசாயிகளை ஏவியது. முதலில் விளைவு பெருகியது. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி நட்டதால் நீர்முறை குழம்பிற்று. வயல்களில் எப்பொழுதும் பயிர் நின்றதால் புகையான் பெருகிற்று. அதைத் தாங்கும் வித்து வந்தபின் துங்ரோ என்னும் நோய் வந்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சியைத் தின்னும் சிலந்தி முதலியனவும் மடிந்தன. இந்தோனேஷியா முழுவதும் இக்கேடு கண்டமையால், 1986-ம் ஆண்டில் அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்கு இடலாகாதென்று தடுத்தது. பாலி விவசாயிகள் கோயில்முறைப்படி நடுவதற்குத் திரும்பினர். புதிய வித்தினால் வந்த நன்மையைச் சங்க ஒழுங்கை விட்டதனால் இழக்க நேர்ந்தது என்பதே இதன் பாடம்.

இக்காலத்துச் சோதனை

2012-ம் ஆண்டில் யுனெஸ்கோ பாலியின் சுபாக் நிலங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் 19,500 ஹெக்டேர் கொண்ட அப்பகுதியில் ஜாத்திலுவியும் அடங்கும். 2024-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுலா ஸ்தாபனம் வெளியிட்ட சிறந்த கிராமங்களின் வரிசையிலும் அது இடம் பெற்றது. படிவயல்களைக் காண வருவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கப்படுகிறது. அதில் பிரதேச நிர்வாகத்திற்கும் கிராமத்திற்கும் சுபாக்கிற்கும் பங்குண்டு.

இதிலேயே புதிய தலைமடையும் கடைமடையும் தோன்றிவிட்டன. சாலையோரத்தில் நிலமுடையவன் சிற்றுண்டிச்சாலை வைத்துப் பணம் பெறலாம். உள்வயலில் உழுகிறவனோ, வந்தவர்கள் கண்டு வியக்கும் பசுமையை உண்டாக்கியும், நெல்லின் விலையையே நம்பியிருக்கிறான். பாலியின் இளைஞர் பலர் வயலை விட்டு ஹோட்டல் வேலைக்குச் செல்கின்றனர். ஒரு வயலைத் தூர்த்துக் கட்டிடம் எழுப்பினால், அதன் வழியே கீழ்வயலுக்கு வடியும் நீரும் தடைப்படும். வயல்கள் குறைந்தால் காண வருவோரும் குறைவர். நீரைப் பிரிக்க மரக்கட்டையில் அளந்து வாய் வெட்டியவர்களின் சந்ததியார், வரும்படியையும் அவ்வாறே யாவரும் காணும்படி அளந்து பிரிக்கக் கற்றாலன்றி வயல்கள் நிலைப்பது அரிது.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நமது சங்கத்தின் வரவு செலவும் அவரவர் பங்கும், எழுத்தறியாத அங்கத்தினருக்கும் விளங்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றனவா?

2. வாக்கு ஆளுக்கு ஒன்று, கடமை பங்கின்படி என்னும் விதியை நாம் எவ்வளவு அனுசரிக்கிறோம்?

3. கடைசியில் இருக்கும் அங்கத்தினருக்கு வரும் நஷ்டம் முதலில் இருப்பவரையும் எவ்வாறு தாக்கும்? நமது ஊரிலிருந்து ஓர் உதாரணம் கூறுக.

4. புதிய வித்து, புதிய கருவி, புதிய வருமானம் ஆகியவற்றுள் ஒன்று வரும்போது, அதன் பலனைப் பங்கிடும் முறையை முன்கூட்டியே கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறோமா?