நீலகிரித் தைலம்: முகர மட்டுமே

ஜலதோஷம் என்றதும் நம் வீடுகளில் தேடுவது நீலகிரித் தைலப் புட்டியைத்தான். 1843-இல் நீலகிரிக்கு வந்த ஆஸ்திரேலிய மரமாகிய யூகலிப்டஸின் இலையிலிருந்து வடிக்கப்படுவது இது. கைக்குட்டையில் இரண்டொரு துளி விட்டு முகர்ந்தால் மூக்கடைப்பு இலேசாகத் தோன்றும்; சளி குணமாவதில்லை.

விழுங்குவதில்தான் ஆபத்து. இதிலுள்ள சினியோல் என்னும் பொருள் மூளையைத் தாக்கும். ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தைக்குச் சில நிமிடங்களில் மயக்கமும் வலிப்பும் வரலாம். நாமோ இதை இருமல் மருந்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம்!

குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பாட்டிமார் கோபித்தாலும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் தடவ வேண்டாம், மூச்சுத் திணறக்கூடும். அவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும்.