இனம் இனத்தோடு

'இருநூற்று முப்பத்தைந்து' என்னும் எண்ணுப்பெயரை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அதனுள் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன: நூறு இரண்டு, பத்து மூன்று, ஒன்று ஐந்து. பழைய தமிழ் எண்முறையில் இவ்வெண்ணை எழுதிய விதமும் இதையே காட்டுகிறது. அம்முறையில் 235 என்பது ௨௱௩௰௫ என எழுதப்பட்டது. ௱ என்பது நூறு. ௰ என்பது பத்து. ஒவ்வொரு குறிக்கும் முன்னால் நிற்கும் எண், எத்தனை நூறு, எத்தனை பத்து என்பதைத் தெரிவிக்கிறது.

இந்த எண்ணுடன் 142ஐக் கூட்டும்போது நூறுகளை நூறுகளோடும், பத்துகளைப் பத்துகளோடும், ஒன்றுகளை ஒன்றுகளோடும் சேர்க்கிறோம். 377 என்னும் விடை கிடைக்கிறது. இரண்டு நூறையும் நான்கு பத்தையும் சேர்த்து 'ஆறு நூறு' என்று எவரும் சொல்வதில்லை. தொடக்கப்பள்ளியிலேயே நாம் கற்றுக்கொண்ட ஒழுங்கு இது. ஆயினும், இடைநிலைப்பள்ளியில் 'பல்லுறுப்புக்கோவை' என்னும் நீண்ட பெயரைக் கேட்டவுடன் மாணவர் பலர் மலைத்துப் போகின்றனர். பெயர்தான் புதிது, அதில் செய்யும் வேலை மிகப் பழையது.

பெயர்களை அறிவோம்

235 என்பதை 2 × 10² + 3 × 10 + 5 என விரித்து எழுதலாம். இதில் 10 இருக்கும் இடத்தில், மதிப்புத் தெரியாத ஓர் எண்ணை வைப்போம். அதனை 'ப' என்னும் எழுத்தால் குறிப்போம். இப்போது நமக்குக் கிடைப்பது 2ப² + 3ப + 5. இதுவே ஒரு பல்லுறுப்புக்கோவை.

இதில் 2ப², 3ப, 5 ஆகிய மூன்றும் உறுப்புகள். 'ப' என்பது மாறி. மாறியின் முன் நிற்கும் 2, 3 ஆகிய எண்கள் கெழுக்கள். மாறி இல்லாமல் தனித்து நிற்கும் 5 மாறிலி எனப்படும். ஒரே மாறியும் அம்மாறிக்கு ஒரே அடுக்கும் கொண்டவை ஒத்த உறுப்புகள். அதனால் 3ப, 8ப இரண்டும் ஒத்தவை. 3ப, 3ப² இரண்டும் ஒத்தவை அல்ல. கணித வகுப்பில் மலாய்மொழியில் 'உங்காப்பான் அல்ஜப்ரா' என்னும் தலைப்பின்கீழ் நீங்கள் படிப்பதும் இதைத்தான். மொழி மாறினாலும் கருத்து மாறுவதில்லை.

ஒத்தவை மட்டும் ஏன் சேரும்?

பக்க நீளம் 'ப' உள்ள சதுர அட்டை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதன் பரப்பு ப². அடுத்து, நீளம் 'ப'வும் அகலம் 1உம் உள்ள ஒரு பட்டையை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 1ப, அதாவது ப. உங்களிடம் இரண்டு சதுரங்களும் மூன்று பட்டைகளும் உள்ளன. மொத்தம் ஐந்து அட்டைகள் என்று சொல்லலாம். ஆனால், அவற்றின் பரப்பை 'ஐந்து சதுரம்' என்றோ 'ஐந்து பட்டை' என்றோ சொல்ல இயலாது. எனவே 2ப² + 3ப என்பது அப்படியே நிற்க வேண்டும். அது முடிவடையாத கணக்கு அன்று, அதுவே விடை.

கூட்டல்

3ப² + 8ப + 6 என்னும் கோவையையும் ப² + 5ப + 7 என்னும் கோவையையும் கூட்டுவோம். ஒத்த உறுப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கெழுக்களை மட்டும் கூட்டினால் போதும்.

3ப² + 8ப + 6
1ப² + 5ப + 7
―――――――――
4ப² + 13ப + 13

எண் கூட்டலுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 386ஐயும் 157ஐயும் கூட்டும்போது, ஒன்றுகள் 13 ஆனதும் அவற்றுள் பத்தை அடுத்த இடத்திற்குக் கொண்டு செல்கிறோம். பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து ஆகும் என்பது நமக்குத் தெரியும். இங்கோ, எத்தனை ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு 'ப' ஆகும் என்பது தெரியாது. ஆகவே கொண்டு செல்லும் வேலையே இல்லை. அந்த வகையில் பல்லுறுப்புக்கோவைகளைக் கூட்டுவது எண்களைக் கூட்டுவதைவிட எளிது.

ஒரு கோவையில் ஏதேனும் ஓர் உறுப்பு இல்லாவிட்டால், அதன் இடத்தைக் காலியாக விடுங்கள் அல்லது பூச்சியம் இடுங்கள். 502ஐயும் 340ஐயும் கூட்டும்போது பூச்சியம் இடத்தைக் காப்பது போலவே, 5ப² + 2, 3ப² + 4ப ஆகியவற்றைக் கூட்டும்போதும் அது இடத்தைக் காக்கும். விடை 8ப² + 4ப + 2.

இவ்வாறு நிரல்களாக அமைத்துக் கணக்கிடும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் பிறந்த அல்-சமவல் என்னும் அறிஞர், ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நிரல் ஒதுக்கி, கெழுக்களை மட்டும் அட்டவணையில் எழுதிக் கணக்கிட்டார்.

கழித்தலில் உள்ள கண்ணி

தீபாவளிச் சந்தைக்காக ஒரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகமும் அறிவியல் கழகமும் ஒரே வியாபாரியிடம் பலகாரம் வாங்க ஏற்பாடு செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய், மாவு ஆகியவற்றின் விலையைப் பார்த்துத்தான் வியாபாரி பலகார விலையைச் சொல்வார். எனவே, ஒரு பொட்டலம் முறுக்கின் விலையை 'ம' ரிங்கிட் என்றும், ஒரு பொட்டலம் வாழைக்காய் வறுவலின் விலையை 'வ' ரிங்கிட் என்றும் கொள்வோம். 'ம' என்பது முறுக்கு அன்று, முறுக்கின் விலை. இதை மறந்தால் கணக்கு பொருளற்றுப் போகும்.

தமிழ்மொழிக் கழகம் 40 பொட்டலம் முறுக்கும் 24 பொட்டலம் வறுவலும் கேட்கிறது. பள்ளிக்கே கொண்டுவந்து கொடுக்க 10 ரிங்கிட் கட்டணம். அதன் செலவு 40ம + 24வ + 10. அறிவியல் கழகம் 25 பொட்டலம் முறுக்கும் 30 பொட்டலம் வறுவலும் கேட்கிறது. தாங்களே சென்று எடுத்துக்கொள்வதால் 6 ரிங்கிட் கழிவு கிடைக்கிறது. அதன் செலவு 25ம + 30வ − 6. இரண்டையும் கூட்டினால் மொத்தச் செலவு 65ம + 54வ + 4.

இரு கழகங்களும் செலவைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள முடிவு செய்கின்றன. அப்படியானால், தமிழ்மொழிக் கழகம் கூடுதலாகச் செலவழித்த தொகையில் பாதியை அறிவியல் கழகம் கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் தொகை எவ்வளவு?

(40ம + 24வ + 10) − (25ம + 30வ − 6)

இங்குதான் கண்ணி உள்ளது. அடைப்புக்குறிக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி, முதல் உறுப்புக்கு மட்டும் உரியதன்று. உள்ளே இருக்கும் எல்லா உறுப்புகளுக்கும் உரியது. எனவே, 25ம என்பது −25ம ஆகிறது. 30வ என்பது −30வ ஆகிறது. −6 என்பது +6 ஆகிறது.

40ம + 24வ + 10 − 25ம − 30வ + 6 = 15ம − 6வ + 16

−6 எப்படி +6 ஆயிற்று? 20 − (8 − 3) என்னும் கணக்கைப் பாருங்கள். 20இலிருந்து 8ஐக் கழித்தால் 12. ஆனால், நாம் கழிக்க வேண்டியது 8 அன்று, 5தான். மூன்றை மிகுதியாகக் கழித்துவிட்டதால் அந்த மூன்றைத் திருப்பித் தர வேண்டும். விடை 15. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தம் நூலில் நேர் எண்களைச் செல்வம் என்றும் எதிர் எண்களைக் கடன் என்றும் பெயரிட்டு இவ்விதியை விளக்கினார். இன்மையிலிருந்து கடனைக் கழித்தால் செல்வம் என்பது அவர் கூறிய விதிகளுள் ஒன்று. ஒருவருடைய கடனை நீக்குவது அவருக்குப் பணம் கொடுப்பதற்கு ஒப்பாகும் அல்லவா?

விடையில் உள்ள −6வ கண்டும் திகைக்க வேண்டியதில்லை. தமிழ்மொழிக் கழகம் ஆறு பொட்டலம் வறுவல் குறைவாக வாங்கியது என்பதே அதன் பொருள்.

வியாபாரி முறுக்கு 5 ரிங்கிட், வறுவல் 4 ரிங்கிட் என்று சொல்கிறார். கூடுதல் தொகை 75 − 24 + 16 = 67 ரிங்கிட். அறிவியல் கழகம் தர வேண்டியது 33 ரிங்கிட் 50 சென். முறுக்கின் விலை 6 ரிங்கிட்டாக உயர்ந்தாலும் கவலையில்லை. ஒரே வரியில் 90 − 24 + 16 = 82 என்று கண்டுவிடலாம். விலை தெரியும் முன்பே வேலையை முடித்துவைப்பதுதான் இயற்கணிதம் தரும் வசதி.

இனி, பிழைகளைப் பார்ப்போம். முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றியவருக்கு 15ம + 54வ + 4 கிடைக்கும். அதன்படி கூடுதல் தொகை 295 ரிங்கிட். தமிழ்மொழிக் கழகத்தின் முழுச் செலவே 306 ரிங்கிட்தான். ஆகவே, இது பிழை என்பது பார்த்த உடனே விளங்கும். கடைசி உறுப்பின் குறியை மட்டும் மாற்ற மறந்தவருக்கோ 15ம − 6வ + 4, அதாவது 55 ரிங்கிட் கிடைக்கும். இது பார்வைக்குச் சரிபோலவே தோன்றும். ஆனால், அறிவியல் கழகம் 27 ரிங்கிட் 50 சென் மட்டும் தரும். தமிழ்மொழிக் கழகம் 6 ரிங்கிட்டை இழக்கும். ஒரு சிறு கோடு பணத்தையும் குறைக்கும். இரு கழகங்களுக்கிடையே மனத்தாங்கலையும் வளர்க்கும்.

சரிபார்க்கும் வழி

விடை சரியா என்று ஆசிரியரைக் கேட்கும் முன் நீங்களே சோதிக்கலாம். மாறிக்கு ஓர் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். முன்பு கூட்டிய கோவைகளில் 'ப'வுக்கு 7 எனக் கொடுத்தால், முதற்கோவை 209, இரண்டாவது 91; கூட்டினால் 300. விடையான 4ப² + 13ப + 13 என்பதும் 196 + 91 + 13 = 300. இரண்டும் பொருந்துகின்றன.

சோதனைக்கு 0, 1 ஆகிய எண்களைத் தவிர்ப்பது நல்லது. 2ப² + 3ப என்பதை 5ப³ என்று ஒருவர் தவறாக எழுதினார் எனக் கொள்வோம். 'ப'வுக்கு 1 கொடுத்தால் இரண்டும் 5. 0 கொடுத்தால் இரண்டும் 0. பிழை மறைந்து நிற்கும். 2 கொடுத்தால் ஒன்று 14, மற்றொன்று 40. பிழை வெளிப்பட்டுவிடும்.

ஆக, பல்லுறுப்புக்கோவைகளைக் கூட்டவும் கழிக்கவும் பெரிய மனப்பாடம் தேவையில்லை. எது எதனோடு சேரும் என்று பார்க்கும் கண்ணும், கழித்தல் குறியை அடைப்புக்குறியின் இறுதிவரை கொண்டு செல்லும் பொறுமையும் போதும்.

சொல் வளம்

மாறி – மதிப்பு மாறக்கூடிய அல்லது தெரியாத எண்ணைக் குறிக்கும் எழுத்து
மாறிலி – மதிப்பு மாறாத எண்
கெழு – மாறியைப் பெருக்கி நிற்கும் எண்
கழிவு – விலையில் குறைத்துக் கொடுக்கும் தொகை
மனத்தாங்கல் – மனவருத்தம்

கருத்துணர் வினாக்கள்

1. ௨௱௩௰௫ என்னும் எழுத்துமுறைக்கும் பல்லுறுப்புக்கோவைக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. எண்களைக் கூட்டுவதைவிடப் பல்லுறுப்புக்கோவைகளைக் கூட்டுவது எளிது என்று கட்டுரை கூறுவதற்கான காரணம் என்ன?
3. '55 ரிங்கிட்' என்னும் பிழையான விடை, '295 ரிங்கிட்' என்பதைவிட ஆபத்தானது. இக்கூற்றை விளக்குக.
4. (7ப² − 2ப + 9) − (3ப² − 5ப + 4) என்பதன் விடையைக் கண்டு, 'ப'வுக்கு 2 கொடுத்துச் சரிபார்க்கவும்.
5. உங்கள் கழகம் அல்லது குடும்பத்தில், விலை தெரியும் முன்பே கணக்கைத் தயார் செய்ய வேண்டிய சூழல் ஒன்றை எழுதி, அதற்கேற்ற கோவையை அமைத்துக் காட்டுக.